ஒரு மணி நேர அவகாசம்

1863 ஏப்ரல் 25, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். மிசிசிப்பி மாநிலத்தின் என்டர்பிரைஸ் ஊர் எல்லையில் வெள்ளைக் கொடியோடு சில குதிரை வீரர்கள் வந்து நின்றதாகச் சென்ற வாரம் நிறுத்தினோம். வந்தவர் கேப்டன் ஹென்றி ஃபோர்ப்ஸ். வடமாநிலத் தரப்பின் 7ஆவது இல்லினாய்ஸ் குதிரைப்படையின் 'பி' கம்பெனித் தலைவர். அவர் ஆட்கள் மொத்தம் 35 பேர். ஊருக்குள்ளோ, ரயிலில் வந்திறங்கிய தென்மாநிலப் படை ஒரு ரெஜிமென்ட்டே இருந்தது.

"கிரியர்சன் பெயரால் கேட்கிறேன், சரணடையுங்கள்!" என்றார் ஃபோர்ப்ஸ்.

எதிரி அதிகாரி யோசிக்க ஒரு மணி நேரம் கேட்டார். பெரிய படை பின்னால் நிற்கிறது என்று நம்பிவிட்டார், பாவம். ஃபோர்ப்ஸ் பெருந்தன்மையோடு அவகாசம் கொடுத்தார். கொடுத்த கையோடு குதிரையைத் திருப்பினார். அந்த ஒரு மணி நேரமும் அவருடைய ஆட்கள் ஓட்டமாக ஓடினார்கள்.

இந்த 35 பேர் ஏன் தனியே அலைந்தார்கள்? அவர்களுடைய தலைவரான கர்னல் கிரியர்சன் ஒரு இசை ஆசிரியர். சிறுவயதில் குதிரை முகத்தில் உதைத்ததால் குதிரை என்றாலே அவருக்கு ஆகாது. சட்டைப் பையில் நம் மோர்சிங் மாதிரி ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார். அப்படிப்பட்டவர்தான் 1,700 பேரோடு ஏப்ரல் 17 அன்று டென்னஸியின் லா கிரேஞ்சிலிருந்து எதிரி நாட்டுக்குள் புகுந்தார். வடமாநிலத் தளபதி கிராண்ட் தன் படையோடு மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும்வரை விக்ஸ்பர்க்கில் இருந்த எதிரித் தளபதியின் கவனத்தைத் திருப்ப வேண்டும். அதற்காகவே 22ஆம் தேதி ஃபோர்ப்ஸைக் கிழக்கே மேக்கன் பக்கம் அனுப்பினார். எதிரி ஏமாறட்டும் என்று, தான் என்டர்பிரைஸுக்குப் போவதாக வழியெல்லாம் சொல்லியும் வைத்தார்.

அந்தப் பேச்சை நம்பி ஏமாந்தது சொந்த ஆட்களே! என்டர்பிரைஸில் கிரியர்சன் இல்லை. அவர் நியூட்டன் ஸ்டேஷனில் இரண்டு ரயில் எஞ்சின்களைத் தகர்த்துவிட்டு, முந்தின நாளே மேற்கே போய்விட்டார்.

இன்னொரு ஆபத்தும் காத்திருந்தது. கிரியர்சன் கடந்துபோகும் பாலங்களை எரித்துவிடுவார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் 'பி' கம்பெனிக்குச் சிறைதான், இல்லையென்றால் சாவு.

கேப்டனின் தம்பி ஸ்டீபன், வயது 18, இன்னும் இரண்டு பேரோடு முன்னால் பறந்தான். நல்ல குதிரைகள் எல்லாம் ஏற்கெனவே நொடிந்து போயிருந்தன. எதிரே ஸ்ட்ராங் நதி. பாலத்தில் கிரியர்சனின் பின்காவல் வீரர்கள் தீ வைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

(தொடரும்)