டிஸ்னிலாண்டும் பெஞ்சுல உக்காந்த அப்பாவும்

லீவுக்கு இங்கே கலிஃபோர்னியா வர்ற அக்கா குடும்பத்தோட டிஸ்னிலாண்ட் போக ப்ளான் போட்டேன். "அதெல்லாம் குட்டிப் பசங்களுக்கு மாமா"ன்னுட்டான் பதினஞ்சு வயசு மருமகன்.

வால்ட் டிஸ்னி தன் ரெண்டு மகள்களை லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க் குடைராட்டினத்துக்குக் கூட்டிட்டுப் போவார். பிள்ளைங்க சுத்துவாங்க, இவர் பெஞ்சுல உக்காந்திருப்பார். பெத்தவங்களும் சேர்ந்து விளையாட ஒரு இடம் வேணும்னு அங்கேதான் தோணுச்சுன்னு பின்னாடி சொன்னார். ஆனா மக்கா, 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலாண்ட் திறந்தப்போ பெரியவளுக்கு 21, கல்யாணமே ஆயிடுச்சு. சின்னவளுக்கு 18!

வளர்ந்த பசங்களும் அலறுற மேட்டர்ஹார்ன் ரோலர் கோஸ்டர் வந்தது 1959-ல்தான்.

இவன் இன்னும் எத்தனை லீவுக்கு நம்மகூட வருவான்? ப்ளானை அவன்கிட்டயே குடுத்துட்டேன். முதல்ல மேட்டர்ஹார்னாம். எனக்கு பெஞ்சு கிடையாதாம் :-)