ஒரு மில்லிமீட்டரின் கணக்கு: உதகை முதல் ரிசாட்-1 வரை

அரியலூரில் 1959இல் பிறந்த ந. வளர்மதி 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2012 ஏப்ரல் 26 அன்று விண்ணுக்குச் சென்ற ரிசாட்-1 ரேடார் செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் அவர்தான். தமிழ்நாடு அரசின் அப்துல் கலாம் விருதை 2015இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. ரிசாட் என்றதும் ராக்கெட்டைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறோம். அதன் உயிர்நாடியான மிகையதிர்வெண் அனலாக் மின்சுற்று உரிய கவனம் பெறவில்லை.

அந்த மின்சுற்றுக் கலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்வரலாறு உண்டு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உதகை மலைச்சரிவில் எழுந்த ரேடியோ தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ். அதன் பார்வையை வடக்கு தெற்காகத் திருப்புவது 1056 இருமுனை உணரிகளின் கட்டத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்க நிலையை, மாற்றும் மின்சுற்றுகள். 1990களின் தொடக்கத்தில் ஒவ்வோர் உணரிக்கும் பின்னால் குறைந்த இரைச்சல் பெருக்கி ஒன்று பொருத்தப்பட்டு உணர்திறன் கூட்டப்பட்டது. உணரிக்கும் பெருக்கிக்கும் இடையே கம்பி நீண்டால், வானத்திலிருந்து வரும் நலிந்த குறிப்பலை வழியிலேயே தேய்ந்துவிடும். என் பார்வையில் இத்துறையின் வரலாறே அந்தக் கம்பியைக் குறுக்கிக்கொண்டே வந்த வரலாறுதான்.

கணக்கைப் பார்ப்போம். மெல்லிய கம்பி ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி மின்தூண்டல் கொண்டது. 1 மெகாஹெர்ட்ஸில் அது பொருட்டே அல்ல. உதகையின் அதிர்வெண்ணில் 2 ஓம் மறுப்பு. ரிசாட்டின் 5.35 கிகாஹெர்ட்ஸிலோ ஏறத்தாழ 34 ஓம். 50 ஓமுக்கு வடிவமைத்த தடத்தில் இது பெரும் தடங்கல். மின்தடையின் இரண்டு கால்களையும் பலகைத் துளையில் நுழைத்துப் பற்றவைக்கும் பழைய முறை இங்கே செல்லாது. காலே இல்லாத பாகத்தைப் பலகையின் மேற்பரப்பில் வைத்துப் பற்றவைக்கும் எஸ்எம்டி முறை, 1960களில் ஐபிஎம் நிறுவனம் வளர்த்த உத்திகளில் வேர்கொண்டது. அது இடத்தை மிச்சப்படுத்தியது உண்மை. மிகையதிர்வெண் வடிவமைப்பாளருக்கு அதைவிட முக்கியம், அது காலை ஒழித்ததுதான்.

ரிசாட்-1இன் ரேடாரை அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் வடிவமைத்தது. 6 மீட்டருக்கு 2 மீட்டர் அளவான அலைவாங்கி. அதில் 12 சதுர ஓடுகள், ஒவ்வொன்றிலும் 24 வரிசைகள். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு அனுப்பிப் பெறும் தொகுதிகள், உச்சத் திறன் 10 வாட். கதிரைத் திருப்ப அலைவாங்கி அசையாது. இந்தத் தொகுதிகளின் கட்டம் மாறும். அலைநீளம் 5.6 செ.மீ. தடம் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், அலை காற்றில் செல்வதாக வைத்துக்கொண்டாலும் கட்டம் 6.4 பாகை நழுவும். உதகையில் அதே பிசகு 0.4 பாகைதான். பலகைப் பொருளுக்குள் அலை இன்னும் மெதுவாகச் செல்வதால் பிழையும் பெருகும்.

பற்றவைப்பும் அதே கறாரைக் கேட்கிறது. பற்றவைக்கும் உலோகக் கலவை அதிகமானால் தடத்தின் வடிவம் மாறும், குறைந்தால் வெப்பச் சுழற்சியில் இணைப்பு விரிசல் விடும். வெள்ளீயம் 63, காரீயம் 37 என்ற கலவை 183 பாகை செல்சியஸில் ஒரே வீச்சில் உருகி உறையும். வீட்டுக் கருவிகளிலிருந்து காரீயம் விலகிய பின்னும் விண்வெளிக் கருவிகளில் அது நீடிக்கிறது. தூய வெள்ளீயத்தில் காலப்போக்கில் மயிரிழை போன்ற முளைகள் வளர்ந்து பக்கத்துத் தடத்தைத் தொட்டுவிடும். சுற்றுப்பாதைக்குப் போய் அதைச் செப்பனிட வழியில்லை.

இந்த நுணுக்கத்தின் பயனைத் தரையில் காணலாம். வடகிழக்குப் பருவமழையில் கொள்ளிடக் கரையின் திருமானூர்ப் பக்கம் மேகம் மூடினால் ஒளிப்படச் செயற்கைக்கோளுக்கு வயல் தெரியாது. 5.6 செ.மீ. அலை மேகத்தைக் கடக்கும். நீர் தேங்கிய நாற்று வயல் அலையைக் கண்ணாடியாய் அப்பால் தெறிக்கவிடுவதால் படத்தில் கருமையாக விழும். பயிர் தூர்கட்டி உயர உயர வெளுக்கும். நடவு, வளர்ச்சி, வெள்ளச் சேதம் மூன்றையும் அந்த ஒளிர்வு மாற்றத்திலிருந்து கணிக்கிறார்கள். 2022 பிப்ரவரி 14 அன்று ஏவப்பட்ட இஓஎஸ்-04 செயற்கைக்கோள், ரிசாட்-1 இயங்கிய அதே சி அலைவரிசையில் இந்தப் பணியைத் தொடர்ந்தது.