போரில் ஊர்கள் மீது குண்டு வீசுவது நியாயமா?

போர் என்றால் சாவு இருக்கத்தான் செய்யும். ஆனாலும் ஆயுதம் ஏந்தாதவர்களைக் கொல்லக்கூடாது என்பதை ஏறக்குறைய எல்லா நாடுகளும் பேச்சளவிலாவது ஒப்புக்கொள்கின்றன. அப்படி ஒப்புக்கொண்ட ஒரு நாடு எப்படி அதை மீறியது என்பதற்கு இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் ஒரு நல்ல உதாரணம்.

1939 செப்டம்பர் 1 அன்று, பொதுமக்கள் மீது குண்டு வீச வேண்டாம் என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டார். பிரிட்டன் சம்மதித்தது. ஆரம்பத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மன் நகரங்கள் மீது துண்டுப் பிரசுரங்களைத்தான் போட்டன. ஜெர்மனியோ வார்சாவையும், 1940 மே மாதம் ராட்டர்டாமையும் நொறுக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனின் முறை வந்தது.

பிரிட்டன் திருப்பி அடிக்க நினைத்தது. பகலில் போன விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டதால் இரவில் அனுப்பியது. இரவில் குறி பார்ப்பது சுலபமா? 1941 ஆகஸ்டில் பட் என்ற அரசு அதிகாரி, விமானங்கள் எடுத்த புகைப்படங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு 5 மைல் தூரத்துக்குள் போயிருந்தது. தொழிற்சாலைகள் நிறைந்த ரூர் பகுதியில் பத்தில் ஒன்றுதான்!

குறி தவறுகிறது என்று தெரிந்ததும் குறியையே மாற்றினார்கள். 1942 பிப்ரவரி 14 அன்று வந்த உத்தரவு, எதிரி நாட்டு மக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியை உடைப்பதே நோக்கம் என்றது. ஆலையும் கப்பல் துறையும் அல்ல, வீடுகள் நெருங்கிய பகுதிகளே இலக்கு என்று விமானப்படைத் தலைவர் போர்ட்டல் தெளிவுபடுத்தினார். 1943 ஜூலையில் ஹாம்பர்க் தீப்புயலில் எரிந்தது. இறந்தவர்கள் 35,000க்கும் மேல்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதையும் பார்க்க வேண்டும். 1941இல் பிரிட்டனுக்கு ஜெர்மனியைத் தொட வேறு வழி அதிகம் இல்லை. எதிரில் இருந்தது ஹிட்லர். இந்தத் தாக்குதல்களால் ஜெர்மனியின் பீரங்கிகளும் போர் விமானங்களும் ஏராளமாக நகரக் காவலில் முடங்கின. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையிலும் 55,000க்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

ஆனால் "வேறு வழியில்லை" என்ற காரணம் எவ்வளவு நாள் செல்லும்? 1944இல் வழிகாட்டும் ரேடியோ கருவிகள் மேம்பட்டிருந்தன. நார்மண்டி படையெடுப்புக்கு முன் இதே படை பிரான்ஸின் ரயில் நிலையங்களை முன்னைவிடத் துல்லியமாகத் தாக்கியது. அங்கே பிரெஞ்சு மக்கள் அதிகம் இறந்துவிடக்கூடாது என்று சர்ச்சிலே கவலைப்பட்டார். ஆக, குறி பார்க்க முடிந்தது, யார் சாகிறார்கள் என்ற கவலையும் இருந்தது. ஜெர்மன் ஊர்கள் என்றபோது மட்டும் பழைய உத்தரவின் போக்கே தொடர்ந்தது. 1945 பிப்ரவரியில், போர் முடிய மூன்றே மாதம் இருக்கையில், பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் டிரெஸ்டனை அழித்தன. 2010இல் வெளியான வரலாற்றாசிரியர் குழுவின் கணக்குப்படி, இறந்தவர்கள் 25,000 பேர் வரை.

எதிர்ப்பே இல்லாமல் இல்லை. 1944 பிப்ரவரி 9 அன்று பிரபுக்கள் சபையில் பிஷப் ஜார்ஜ் பெல் இதைக் கண்டித்தார். அவர் ஹிட்லரை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர். ஓர் ஊரில் ராணுவ இலக்கு இருக்கிறது என்பதற்காக ஊரையே அழிப்பது நியாயமல்ல என்பதே அவர் வாதம். அன்று அவர் பேச்சு எடுபடவில்லை. 1977இல் ஜெனீவா ஒப்பந்தங்களுடன் சேர்க்கப்பட்ட நெறிமுறை, ஒரு நகரம் முழுவதையும் ஒரே இலக்காக வைத்துக் குண்டு வீசுவதைத் தடை செய்தது.

"அவர்கள்தானே ஆரம்பித்தார்கள்" என்று சிலர் கேட்கலாம். ஆரம்பித்தவர்கள் பெர்லினில் இருந்தார்கள். ஹாம்பர்க்கின் நிலவறையில் மூச்சுத் திணறிய குழந்தை எதையும் ஆரம்பிக்கவில்லை. அவசரத்துக்கு என்று தளர்த்திய விதி, அவசரம் தீர்ந்த பிறகும் தானாகத் திரும்பி வருவதில்லை. போர் நடத்தும் எந்த நாடும், அதன் மக்களும், மறக்கக்கூடாத பாடம் இது.