கண்டியின் வீழ்ச்சியும் ஏகாதிபத்திய விளக்கங்களும்

ஐரோப்பிய ஏகாதிபத்தியத்திற்குக் காரணம் யாது என்னும் வினாவிற்கு அறிஞர்கள் ஒருமித்த விடை கூறினாரல்லர். முதலீட்டுக்கு இடந்தேடிய மிகை மூலதனமே காரணம் என்றார் ஹொப்சன் (1902). ஏகபோக நிலையை எய்திய முதலாளித்துவத்தின் வெளிப்பாடே அது என்றார் லெனின் (1917). ரொபின்சனும் கலகரும் 1961இல் வெளியிட்ட நூலில் கடல்வழிப் பாதுகாப்பையும் உள்நாட்டு நெருக்கடிகளையும் முதன்மைப்படுத்தினர். இவ்விளக்கங்கள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைக் கருதி எழுந்தவை. எனினும் 1815இல் வீழ்ந்த கண்டி இராச்சியம் அவற்றுக்கு ஓர் உரைகல்லாக அமைகின்றது.

1796இல் பிரித்தானியர் ஒல்லாந்தரின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றியபோது, திருகோணமலைத் துறைமுகம் பிரான்சின் கைக்குச் செல்லாது தடுப்பதே அவர்தம் முதன்மை நோக்கமாயிருந்தது. கறுவா விளைந்த கரையோரம் அவர் வசமிருந்தது. மலைநாட்டிலோ பெருந்தோட்டங்கள் அன்று இல்லை. 1803ஆம் ஆண்டுப் படையெடுப்பு படுதோல்வியில் முடிந்தது. 1815இல் வெற்றி கிட்டியதற்கு மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே மூண்ட பகையும், எஹலப்பொல பிரித்தானியர் பக்கம் சேர்ந்தமையும் பெரிதும் உதவின. எனவே கண்டியின் வீழ்ச்சியை மூலதனத்தின் உந்துதலால் மட்டும் விளக்குதல் இயலாது.

ஆயினும் உள்நாட்டுப் பூசல் என்னும் விளக்கத்தையும் எச்சரிக்கையுடனேயே ஏற்றல் வேண்டும். அது வென்றோர் தாமே கூறிய நியாயமுமாகும். 1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி உடன்படிக்கை, மன்னனது கொடுமையையே படையெடுப்பின் காரணமாக்கியது. 'மலபார்' இனத்தவர்க்கு அரியணையில் உரிமை இல்லை எனவும் பிரகடனஞ் செய்தது.

பொருளாதார விளக்கம் வலுப்பெறுவது விளைவுகளை ஆராயும்போதுதான். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், மலைநாட்டை ஆள்வதற்கென அமைந்த வீதிகளே பின்னர்க் கோப்பி செல்லும் வழிகளாயின. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் தாமே பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் அமைத்தார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரிய காணிகளாக்கியது. அக்காணிகளை வாங்கியோருள் அரசாங்க அதிகாரிகளும் இருந்தனர். கொடிக்குப் பின்னே மூலதனம் வந்தது எனலாம்.

அத்தோட்டங்களிலே உழைக்கத் தென்னிந்தியத் தமிழர் மன்னார், மாத்தளை வழியே கால்நடையாக வந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். அரியணைக்கு உரிமையற்றோர் என எவ்வினத்தை உடன்படிக்கை விலக்கியதோ, அவ்வினத்தவரையே பிரித்தானியர் கூலிகளாக வரவேற்றனர். வீதியும் புகையிரதமும் ஏகாதிபத்தியத்தின் நன்மைகள் என்போர், அவற்றின் விலையைச் செலுத்தியோர் யாவரென வினவுதல் தகும். கண்டிக் கிராமத்தவன் சேனைக் காட்டை இழந்தான்; தொழிலாளிக்கோ சொந்த நிலம் என்பதே இல்லை. இருவரையும் இந்நிலைக்கு ஆளாக்கியது ஒரே முறைமை. எனினும் அவர்கள் ஒருவரையொருவர் எதிரியாக நோக்கலாயினர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. அந்நிலையை முற்றாக நீக்கும் நோக்குடன் சட்டம் இயற்றப்பட 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

படையெடுப்பின் காரணமும் அதன் விளைவும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. துறைமுகத்தைக் காக்க வந்தோர் மலையின் உடைமையாளராயினர். காரணத்தை மட்டும் ஆராயும் வரலாறு வென்றோரின் வரலாறாகவே நின்றுவிடும். விளைவையும் ஆராயும்போதே லயன்களில் வாழ்ந்தோரும் அதனுள் இடம்பெறுவர்.