பி, ஆர், என், டி: ஓர் எழுத்து வரிசையின் வரலாறு

தானியங்கி கியர் கொண்ட கார்களில் பி, ஆர், என், டி என்னும் எழுத்துகள் பெரும்பாலும் இதே வரிசையில் நம்மை எதிர்கொள்கின்றன. பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ். இவ்வரிசை இயல்பாக அமைந்தது என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது விபத்துகள் கற்பித்து, சட்டம் நிலைநிறுத்திய வரிசை.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கி கியர் பெட்டியை அறிமுகப்படுத்தியது. 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது வந்தது. அதன் நெம்புகோலில் நியூட்ரல் முதலிலும், முன்செல்லும் இரு நிலைகள் நடுவிலும், ரிவர்ஸ் கடைசியிலும் இருந்தன. சேற்றில் சிக்கிய வண்டியை முன்னும் பின்னும் அசைத்து மீட்க இது வசதி. ஆனால் கை சற்றே கூடுதலாக நகர்ந்தால் வண்டி எதிர்த்திசையில் பாயும்.

பிற நிறுவனங்கள் வேறு வரிசைகளை வைத்தன. 1956-இல் கிரைஸ்லர் நெம்புகோலையே விட்டுப் பொத்தான்களுக்கு மாறியது. 1958-இன் எட்செல் காரில் பொத்தான்கள் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவே, ஹாரனைத் தேடிக் கை செல்லும் இடத்தில் அமர்ந்தன. ஒரு காரில் பழகிய கை மற்றொரு காரில் பகையாயிற்று. இந்தக் குழப்பத்தை ரால்ஃப் நாடர் 1965-இல் வெளிவந்த தம் நூலில் கடுமையாகச் சாடினார். 1968 ஜனவரி 1 முதல், முன்செல்லும் நிலைக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே நியூட்ரல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் விதியாயிற்று.

அக்காலத்து நெம்புகோல் ஒரு கம்பியாலோ தண்டாலோ கியர் பெட்டியின் வால்வோடு பிணைக்கப்பட்டிருந்தது. வால்வு நகர்ந்தால் எண்ணெய் செல்லும் வழி மாறும், கியரும் மாறும். ஆகவே நெம்புகோல் நிற்கும் இடமே கியரின் நிலை. கண் பாராமலேயே கை அதை அறிந்தது.

மின்னணுவியல் இந்தப் பிணைப்பை அறுத்தது. இப்போது நெம்புகோலின் அசைவை உணரிகள் அளக்கின்றன. கணினி அதைப் படித்து மின்வால்வுகளுக்கு ஆணையிடுகிறது. நெம்புகோல் ஆணையைத் தெரிவித்துவிட்டு நடுவுக்கே திரும்பிவிடலாம். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை ஒளிரும் எழுத்து மட்டுமே சொல்லும்.

இதன் விலை 2016-இல் தெரிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், இத்தகைய நெம்புகோல் பொருத்திய ஏறத்தாழ 11 லட்சம் கார்களை ஃபியட் கிரைஸ்லர் திரும்ப அழைத்தது. பார்க்கில் இட்டுவிட்டதாக நம்பி ஓட்டுநர்கள் இறங்க, வண்டிகள் உருண்டிருந்தன. ஜூனில் நடிகர் ஆன்டன் யெல்சின், லாஸ் ஏஞ்சலிஸில் தம் வீட்டுச் சரிவில் உருண்டுவந்த தம் ஜீப்பால் நசுங்கி இறந்தார். அதுவும் அப்பட்டியலில் இருந்த வகையே. ஓட்டுநர் இறங்கினால் தானே பார்க்குக்கு மாறும் மென்பொருள் பின்னர் சேர்க்கப்பட்டது.

எழுத்துகளின் வரிசை அப்போதும் பிழையின்றியே இருந்தது. கை தொட்டறிந்த அந்த உறுதிதான் காணாமற்போயிருந்தது. பழைய கருவி பேசாமல் சொல்லிவந்ததைப் புதிய கருவி சொல்லாமல் விட்டால், அந்த மௌனத்தை நாம் தாமதமாகவே கேட்கிறோம்.