வரம்பைத் தொலைத்த பாராட்டு

பிள்ளையின் தன்மதிப்பு வளர ஓயாமல் புகழ வேண்டும் என்ற வழக்கம் அமெரிக்காவில் பரவியபோது, அதற்கு அறிவியலே ஆதாரம் என்று நம்பப்பட்டது. ஆனால் 1967-இல் உளவியலாளர் ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் வெளியிட்ட நூலில் இருந்தது வேறு. கனெக்டிகட் மாநிலச் சிறுவர்களை ஆராய்ந்து, அவர்களுடைய தாய்மாரிடமும் பேசினார் அவர். தன்மதிப்பு மிகுந்த சிறுவர்களின் வீட்டில் பிள்ளையை உள்ளபடி ஏற்றார்கள். தெளிவான வரம்பு வைத்து, அதை விடாமல் காத்தார்கள். வரம்புக்குள் பிள்ளை எதிர்த்துப் பேசவும் இடம் கொடுத்தார்கள். கண்டிப்பு தளர்ந்தால்தான் பிள்ளை தலைநிமிரும் என்பவர்களுக்கு இது இடித்திருக்கும்.

வரம்பு வழியில் தொலைந்தது. கலிஃபோர்னியா சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கன்செலோஸின் முயற்சியால் 1986-இல் தன்மதிப்புக்கென்றே ஓர் அரசுக் குழு அமைந்தது. குற்றம், போதை, பள்ளியில் தோல்வி எல்லாவற்றுக்கும் தன்மதிப்பே தடுப்பூசி என்பது அந்தக் குழுவின் நம்பிக்கை. அரசின் செலவும் குறையுமாம்! பத்திரிகைக் கேலிச்சித்திரங்கள் சிரித்தன. குழுவுக்காகப் பேராசிரியர்கள் 1989-இல் தொகுத்த நூலே, தன்மதிப்புக்கும் இந்தச் சிக்கல்களுக்கும் உள்ள தொடர்பு எதிர்பார்த்ததைவிட மெலிந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் 1990-இல் வந்த இறுதி அறிக்கை நம்பிக்கையைத்தான் பரப்பியது. வீட்டில் நாள்தோறும் காக்க வேண்டிய வரம்பை எந்த அரசும் விநியோகிக்க முடியாது, புகழ்மொழியை முடியும். வரம்பு விடுபட்டதற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு.

கூப்பர்ஸ்மித் பார்த்தது நடுத்தர வர்க்க வெள்ளைச் சிறுவர்களை மட்டும்தானே, தன்மதிப்புள்ள பிள்ளையிடம் பெற்றோர் இதமாக நடப்பதும் எளிதுதானே என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு. எது முந்தியது என்பதை அவருடைய ஆய்வால் சொல்ல முடியாது. ஆனால் நெதர்லாந்துப் பிள்ளைகளைக் காலப்போக்கில் தொடர்ந்து கவனித்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், பெற்றோரின் பரிவு பின்னாளில் தன்மதிப்போடும், ‘மற்றவர்களைவிட நீ உசத்தி’ என்ற மிகைமதிப்பு தற்பெருமையோடும் இணைந்திருந்தன. அந்த ஆய்வு வரம்பைப் பற்றிப் பேசவில்லை. அதற்கு உளவியலாளர் டயானா பௌம்ரிண்டின் பெர்க்லி ஆய்வுகள் உண்டு. பரிவும் கண்டிப்பும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளே அவற்றில் தம் காலில் நின்றார்கள். அப்படியானால் பாராட்டவே கூடாதா? 1998-இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் நடத்திய சோதனைகளில், கெட்டிக்காரத்தனத்துக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பின் சோர்ந்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் கற்றுக்கொள்ள உதவும் புதிர்களையே தேர்ந்தெடுத்தார்கள்.