எழுத்துக்கு எண் இட்ட கதை

அரபு எழுத்துகள் இருபத்தெட்டு. ட, ண, ப, ழ போன்ற தமிழ் ஒலிகளுக்கு அவற்றில் இடமில்லை. நம் முன்னோர் அதற்காகத் தயங்கி நிற்கவில்லை. இருந்த எழுத்துகளின்மேல் புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களைக் கண்டனர். காயல்பட்டினமும் கீழக்கரையும் போற்றி வளர்த்த அரபுத்தமிழ் இவ்வாறு உருவானதே. பிறர் வகுத்த சட்டத்துக்குள் தம் மொழியைப் பொருத்தும் அவ்வேலை கணிப்பொறிக் காலத்தில் மீண்டும் நம் வாயிலுக்கு வந்தது.

1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 'சி' என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். அதில் ஒற்றை மேற்கோளுக்குள் ஓர் எழுத்தை இட்டால் அது ஓர் எண்ணாகவே கொள்ளப்படும். ஆங்கிலத்தின் முதற்பெரிய எழுத்துக்கு 65. அவ்வெழுத்தை வைக்கும் சிற்றறையான பைட்டில் 256 எண்களுக்கே இடமுண்டு. நம் 247 எழுத்துகளை அதற்குள் அடைத்துவிடலாமே எனத் தோன்றும். அடைத்தால் ஆங்கில எழுத்துக்கும் இலக்கத்துக்கும் எங்கே இடம்?

1991இல் வந்த யூனிகோட், இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி முறையைத் தழுவித் தமிழுக்கு எண்களை வகுத்தது. இதில் உயிர்மெய்க்குத் தனி எண் இல்லை. மெய்யெழுத்தோ புள்ளியின்றி அகரமேறிய வடிவிலேயே இடம்பெற்றது. நம் புளியங்குடியையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு எழுத்து ஆறு. யூனிகோட் கணக்கில் பதினொன்று. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூ.டி.எஃப்-8 முறையில் முப்பத்து மூன்று பைட்டுகள். 'பு' என்னும் ஓரெழுத்து அந்தப் பழைய ஒற்றை மேற்கோளுக்குள் அடங்காத காரணம் இதுவே. உயிர்மெய்க்குத் தனி எண் தரும் 16 பிட் முறையைத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. எனினும் உலகப் புழக்கத்தில் யூனிகோடே நிலைத்தது.

வரிசையில் நேர்ந்த குழப்பம் இதனினும் பெரிது. தேவநாகரியை அடியொற்றிய பொதுக்கட்டத்தில் 'ந'வை அடுத்து 'ன', 'ர'வை அடுத்து 'ற' என அமர்த்திவிட்டனர். 'ள'வும் 'வ'வுக்கு முந்திவிட்டது. எண்வரிசைப்படி அடுக்கினால் புவனகிரிக்கு முன் புளியங்குடி வரும். அகராதியிலோ புவனகிரியே முதல். நம் பெயர்கள் படும் பாடு இன்னும் வேடிக்கை. ஜமால் 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் ஒதுங்க, ஸலீமும் ஹமீதும் கடைசியில் நிற்பர். ஆய்தத்துக்கு உயிரெழுத்துகளுக்கும் முந்திய எண் தரப்பட்டதால், ஃபாத்திமா அகமதுக்கு முன்னே வந்துவிடுவார்.

1989ஆம் ஆண்டின் சி மொழித் தரத்தில் இதற்கொரு வழி வைத்தனர். எழுத்தின் எண் எதுவாயினும், அகரவரிசை, தேதி, நாணயம் ஆகியவற்றை அந்தந்த வட்டாரத்தின் மரபுப்படி தனி அட்டவணையிலிருந்து பெறலாம். தமிழுக்கும் இன்று அவ்வட்டவணை உண்டு. இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் சிங்கப்பூர்த் தமிழுக்கும் தனித்தனி அடையாளமும் உண்டு. ஆனால் நிரல் எழுதுபவர் அதைக் கேட்டுப் பெறவேண்டும். கேளாது விட்ட பட்டியல்களில் ஃபாத்திமா இன்றும் அகமதுக்கு முன்னேயே நிற்கிறார்.